கறுப்புக் கோட்டுக்குள் ஆனந்தமேரி

மூலக்குளம் கலியபெருமாளுக்கு எதையும் வாசிப்பதற்கு முன்னால் பார்க்கிற பழக்கம் இருந்தது. மற்றப் பையன்கள் கையில் சினிமாக் கொட்டகை நோட்டீஸ் கிடைத்தால் என்ன படம், யார் நடித்தது என்று வாசிப்பார்கள். இவன் அதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, எழுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது, வெற்றிடம் எங்கே விட்டிருக்கிறது என்று ஆராய்வான். என்னடா போட்டிருக்கு என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பான். பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் ஊரே கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்தபோது, இவன் மட்டும் சர்க்கார் கச்சேரிச் சுவரில் ஒட்டியிருந்த புது அறிவிப்பின் முன்னால் நின்றான். எழுத்தின் மூஞ்சியே மாறிவிட்டதே என்று அவனுக்கு ஆச்சரியம்.

அவனுடைய அம்மா அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொள்வாள். "படிக்க அனுப்பிச்சா பொம்ம பாத்துக்கினு வருது இந்தப் புள்ள." அப்பன் கன்னியப்பனுக்கு இரண்டு காணி நெல், அரைக் காணி கரும்பு. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் இவன். மிதித்ததோடு சரி என்று பின்னால் ஊர் சொன்னது. அதற்குக் காரணம் அவனுடைய அந்தக் கண்தான்.

கல்லூரியில் இசை மன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் செயலாளன் தனிஸ்லாஸ், நெல்லித்தோப்புப் பையன், மாதா கோயிலில் பிடில் வாசிப்பான், வாயைத் திறந்தால் மூடமாட்டான். மன்றத்துக்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பெயரும் அவனே வைத்தான், 'சுதி'. கலியபெருமாளுக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். மன்றத்தில் அவன் ஜமுக்காளம் விரிக்கிற உறுப்பினன். ஆனால் கச்சேரி நோட்டீசுக்கு அவன் ஒரு தடவை எழுத்துப் போட்டுக் கொடுத்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். முகப்பும் பக்கங்களும் உன் பொறுப்பு என்று தனிஸ்லாஸ் சொல்லிவிட்டான். அன்றைக்கு மூலக்குளத்துக்கு நடந்து போனபோது கலியபெருமாளின் கால் தரையில் பாவவில்லை.

அதன் பிறகு அவன் வகுப்பில் இருந்ததைவிடப் புத்தகசாலையில் இருந்ததுதான் அதிகம். சங்கீதம் பற்றி வருகிற பத்திரிகைகளை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க ஒன்று புலப்பட்டது. ஒவ்வொரு வகைப் பத்திரிகைக்கும் ஒரு உடுப்பு இருக்கிறது. சினிமாப் பாட்டுப் பத்திரிகை என்றால் பெயர் சாய்ந்து ஓடவேண்டும், முகம் பக்கத்தை அடைத்துக்கொள்ளவேண்டும், சிவப்பும் மஞ்சளும் கண்ணைக் குத்தவேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று மூலைக்கு மூலை கூவவேண்டும். சபாக்காரர்கள் போடுகிற மலர் என்றால் மேலே வீணை, சுற்றிலும் கொடி வேலைப்பாடு, நடுவில் பட்டம் பதவிகளோடு வித்துவானின் பெயர். இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பாரீசிலிருந்து கப்பலில் வருகிற பிரெஞ்சுக்காரர்களின் சங்கீதப் பத்திரிகை. கையடக்கமான அளவு, கெட்டி அட்டை. பெயர் உச்சியில் சின்னதாக, அடக்கமாக. நடுவில் முட்டை வடிவத்தில் ஒரே ஒரு முகம். முகத்துக்குக் கீழே பெயர். பெயருக்குக் கீழே பிறந்த வருஷம், ஒரு சிறு கோடு, இறந்த வருஷம். ஆள் உயிரோடு இருந்தால் கோட்டுக்கு அப்புறம் வெறுமை. எல்லாவற்றையும் சுற்றி மெல்லிய இரட்டைக் கோட்டில் ஒரு சட்டம். அவ்வளவுதான். அந்த அட்டையைப் பார்த்தாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றியது கலியபெருமாளுக்கு.

அந்த நாளில்தான் ஆனந்தமேரியின் சங்கதி வந்து சேர்ந்தது. மன்றத்தில் பாடுகிற பெண்கள் மூன்று பேர், அவர்களில் இவள் ஒருத்திதான் பாடகி. கோயிலில் இவள் பாடினால் இருமுகிற கிழவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்களாம். திருச்சி வானொலியில் குரல் தேர்வுக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. குறுக்கே நின்றவர் அவளுடைய அப்பா சவரிராயன். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர். ரயிலடிப் பக்கத்தில் வீடு. தெருவில் நடந்தால் கைத்தடிச் சத்தம் முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

"எங்கப்பா பாட்டு வேணாங்கல," என்றாள் அவள் ஒரு நாள் தனிஸ்லாசிடமும் கலியபெருமாளிடமும். "கோயில்ல பாடு, வீட்ல பாடு, ரேடியோவுல பாடறது கூத்தாடி வேலைங்கறாரு. சங்கீதம் கௌரவமான சங்கதின்னு அவரு கண்ணால பாக்கணும். நீங்க போடற பத்திரிகையில மரியாதையா ஒரு பக்கம் வந்துச்சின்னா அதக் காட்டிக் கேட்டுப் பாப்பேன்."

"ஒரு பக்கம் என்னா, அட்டையிலயே போட்டுடுவோம்," என்றான் தனிஸ்லாஸ்.

அவள் கலியபெருமாளைப் பார்த்தாள். "சினிமாக்காரி மாதிரி போட்டுடாதீங்க. அப்புறம் நான் செத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போனான். மூலக்குளத்துக் கன்னியப்பன் மகனுக்கும் ரயிலடி சவரிராயன் மகளுக்கும் நடுவில் இருந்த தூரம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவளிடம் சொல்ல முடியாததை எல்லாம் அந்த அட்டையில் காட்டிவிடுவது என்று முடிவு செய்தான். காதலித்தான் என்று நேராகவே சொல்லிவிடலாம். அவன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அட்டை விஷயத்தில் தனிஸ்லாசுக்கும் அவனுக்கும் முட்டிக்கொண்டது. தனிஸ்லாசுக்கு மூன்று வர்ணம் வேண்டும், பெரிய எழுத்து வேண்டும், கடையில் தொங்கவிட்டால் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கவேண்டும். இவன் பிரெஞ்சுப் பத்திரிகையின் உடுப்பைத் தவிர வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை. "ஒனக்குப் பிடிலு தெரியும். அட்டையப் பத்தி ஒனக்கு என்னாடா தெரியும்?" என்று கேட்டுவிட்டான். தனிஸ்லாசுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயே எல்லாத்தையும் கட்டிக்கினு அழு" என்று கட்டுரைகளை மேசையில் போட்டுவிட்டுப் போனவன் அச்சுக்கூடத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போகிறபோது ஒரே ஒரு காரியத்தை வற்புறுத்திவிட்டுப் போனான். முதல் இதழ் நவம்பரில், செசிலியம்மாள் திருநாளில் வரவேண்டும். சங்கீதக்காரர்களுக்குப் பாதுகாவலி அந்த அம்மாள்தான். அன்று பாட்டுப் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் பத்திரிகையைக் கொடுக்கலாம். நல்ல யோசனை என்று கலியபெருமாளும் தலையாட்டினான். நவம்பர் மாதம் கத்தோலிக்கருக்கு எப்பேர்ப்பட்ட மாதம் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த மாதம் முழுக்க இறந்துபோனவர்களுக்கு உரியது, கல்லறைக்கு மெழுகுவர்த்தி போகிற மாதம்.

அச்சடித்தது கோவிந்தராசுவின் அச்சுக்கூடத்தில். கல்யாணப் பத்திரிகை, வாடகை ரசீது, கூத்து நோட்டீஸ் இவைதான் கோவிந்தராசுவுக்குப் பழக்கம். கோயில் வேலைகள் எல்லாம் பாதிரிமார்களின் அச்சகத்துக்கே போய்விடும். கிறிஸ்தவர்களின் துண்டுக் காகிதம்கூட இவரிடம் வந்ததில்லை. ஆனந்தமேரியின் படத்தைச் சென்னைக்கு அனுப்பி முட்டை வடிவத்தில் அச்சுத் தகடு, அதாவது பிளாக், எடுத்து வந்தார்கள். உள்பக்கங்களில் கலியபெருமாள் தன் வித்தையை எல்லாம் இறக்கினான். கீர்த்தனைக் கட்டுரைக்குத் தலையில் கொடி, சினிமாப் பாட்டுப் பக்கத்துக்குச் சாய்ந்த எழுத்து, கோயில் பாட்டுக்குப் பழைய விவிலிய எழுத்து, பட்டாளத்து பேண்டு வாத்தியத்துக்குக் கட்டம் போட்ட தலைப்பு. தலைப்பை வாசிக்காமலே இது இன்ன சங்கீதம் என்று தெரிந்துவிடும். கோவிந்தராசுவே மெச்சிக்கொண்டார்.

அட்டைக்கு வந்தபோது மெல்லிய இரட்டைக் கோடு அடிக்கிற தகடு அச்சுக்கூடத்தில் இல்லை.

"பட்டைக் கோடுதான் கெடக்குது தம்பி. வேணும்னா போட்டுக்க."

பெரிய தலைவர்கள் இறந்தால் தினசரிகளில் கறுப்புப் பட்டை கட்டி வருவதைக் கலியபெருமாளும் பார்த்தவன்தான். ஆனால் அது பத்தி முழுக்க நிற்கிற கறுப்பு. இது முகத்தைச் சுற்றி நிற்கிற சட்டம், கண்ணாடி போட்டு மாட்டின படம் மாதிரி. கோடு இல்லாமல் அடித்துப் பார்த்த புரூஃபை ஆனந்தமேரி முன்பே பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். ஆனால் அவன் கண்ணுக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. பட்டைக் கோட்டைப் போட்டான். போட்டதும் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மேலே சின்ன எழுத்தில் 'சுதி'. நடுவில் அவள் முகம். கீழே ஆனந்தமேரி, அதற்கும் கீழே 1940, ஒரு சிறு கோடு. அவன் வாழ்நாளில் அதைவிட அழகான ஒன்றைச் செய்ததில்லை. பிற்பாடும் செய்யவில்லை.

செசிலியம்மாள் பூசையில் பாடவேண்டிய ஆனந்தமேரி அன்று வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டு வீட்டில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஏன் அந்தப் பெண் குரல் இல்லை என்று ஜனங்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டே வெளியே வந்தபோது, படியில் நின்ற மாணவர்கள் ஆளுக்கு ஒரு பிரதி நீட்டினார்கள்.

புதுச்சேரிக் கத்தோலிக்கர் வீட்டில் யாராவது இறந்தால் முப்பதாம் நாள் பூசையில் ஒரு நினைவு அட்டை கொடுப்பார்கள். கையகல அட்டை, சுற்றிலும் கறுப்புக் கரை, நடுவில் முட்டை வடிவத்தில் இறந்தவர் முகம், கீழே பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். வாங்கினவர்கள் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். அதைக் கொடுக்கிற இடமும் கோயில் படிதான். அப்படி வாங்கிப் பழகிய கைகள் அந்த நவம்பரிலும் வாங்கின. பிரித்துப் பார்க்கவோ, நாள் கணக்குப் பார்க்கவோ, கோட்டுக்கு அப்புறம் இறந்த வருஷம் இல்லையே என்று யோசிக்கவோ யாருக்கும் தோன்றவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், கறுப்பைப் பார்த்தார்கள், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "அடப் பாவமே, போன வாரங்கூடப் பாடிச்சே" என்று ஒரு அம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சவரிராயன் பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டுச் சற்றுத் தாமதமாக வீடு திரும்பினார். வாசலில் கூட்டம். அவருடைய தங்கை வில்லியனூரிலிருந்து பூசைக்கு வந்தவள், அவிழ்ந்த தலையோடு தெருவில் நின்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். துக்க மணி எப்போது அடிக்கலாம் என்று கேட்கக் கோயில் உபதேசியார் வந்து காத்திருந்தார். உள்ளே அவர் மனைவி கையில் பத்திரிகையோடு மூர்ச்சையாகிக் கிடந்தாள். வெந்நீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு ஆனந்தமேரி நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். உயிரோடு நிற்கிறவளைப் பார்த்த பிறகும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து கையைத் தொட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அப்பா வருகிறவரை அவள் அப்படியே நின்றாளாம்.

கலியபெருமாளுக்கு இது ஒன்றும் தெரியாது. மிச்சப் பிரதிகளைக் கட்டிக்கொண்டு அச்சுக்கூடத்தில் இருந்தான். கைத்தடிச் சத்தம் கேட்டது. பூசைக்குப் போட்ட கோட்டோடு சவரிராயன் உள்ளே வந்து, பத்திரிகையை மேசையில் வைத்தார்.

"இத செஞ்சது யாரு?"

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தான் கலியபெருமாள். அப்படி நினைத்ததை எண்ணி எண்ணி அவன் எத்தனையோ வருஷம் கூசினான். "நான்தாங்க ஐயா" என்று முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தான்.

"எந்த ஊரு?"

"மூலக்குளங்க."

"எம்பொண்ணு எப்ப செத்தா?"

அவனுக்குப் புரியவில்லை. சிரிப்பு மட்டும் வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது. பிரெஞ்சுப் பத்திரிகை, சட்டம், மரியாதை என்று என்னென்னவோ சொல்லத் தொடங்கினான். அவர் கேட்டுக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து செபப் புத்தகத்தை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து 'சுதி'க்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய அம்மாவின் நினைவு அட்டை. அதே கறுப்பு, அதே முட்டை வடிவம், அதே இடத்தில் பெயர், அதே இடத்தில் வருஷம். வாழ்நாளில் முதல் தடவையாகக் கலியபெருமாள் ஒரு காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாசித்தான்.

"பெத்தவ மூச்சுப் பேச்சில்லாம கெடக்கிறா," என்றார் சவரிராயன். "ஒன்ன அடிக்கத்தான் வந்தேன். நீ சிரிச்சுக்கினு எதுர வந்து நின்ன பாரு, கை எழும்பல."

"ஐயா, தெரியாம செஞ்சிட்டேங்க. எங்க ஜனத்துல இந்த வழக்கம் கெடையாதுங்க."

"தெரியாமதான் செஞ்ச. தெரிஞ்சி செஞ்சிருந்தா அடிச்சிப் போட்டுட்டு ஆத்திரம் தீந்து போயிருப்பேன்." அம்மாவின் அட்டையை எடுத்துப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார், "பத்திரிகை மொத்தத்தையும் கொளுத்து. அந்த ரேடியோப் பேச்சும் அதோட சேந்து போவட்டும்."

கொளுத்தினார்கள். பிளாக்கை மட்டும் கலியபெருமாள் கொளுத்தவில்லை; தகடு எரியாது என்பது காரணம் இல்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். தனிஸ்லாஸ் வந்து பார்த்தான். "என்கிட்ட ஒரு தடவ காட்டியிருந்தா போதுமேடா" என்றான். மன்றம் கலைந்தது. அடுத்த வருஷம் தனிஸ்லாஸ் பிடிலும் பெட்டியுமாகப் பிரான்சுக்குக் கப்பல் ஏறினான்.

ஆனந்தமேரியின் அம்மா எழுந்துவிட்டாள். ஆனால் உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கறுப்புக் கட்டியாகிவிட்டது என்ற பயம் எழுந்து போகவில்லை. அது வீட்டிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து கோயிலுக்கும் போயிற்று. ஆனந்தமேரி பாட எழுந்தால் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிலுவை போட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவளுக்காக வேண்டிக்கொண்டார்கள், அதுதான் கொடுமை. கொஞ்ச நாளில் அவள் பாட எழுந்திருப்பதை நிறுத்தினாள்.

கலியபெருமாள் மாலை வேளைகளில் கோயிலுக்கு எதிர்ச்சாரியில் பூவரச மரத்தடியில் போய் நிற்பான். மன்னிப்புக் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிடுவான். ஒரு நாள் அவளே தெருவைக் கடந்து வந்தாள். இளைத்திருந்தாள்.

"எதுக்கு தினம் வந்து நிக்கறீங்க?"

"மன்னிப்புக் கேக்கணும்னு."

"கேட்டாச்சில்ல, போங்க." போகச் சொன்னவள் தான் போகாமல் நின்றாள். "படம் அழகாத்தான் இருந்துச்சு. என்ன அவ்ளோ அழகா யாரும் பாத்ததில்ல. அதனாலதான் எங்கம்மா பயந்துட்டாங்க."

"பாடறீங்களா?"

"வாயத் தொறந்தா செத்தவ பாடறாப்புல எனக்கே கேக்குது." அதைச் சொன்னபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "காரைக்கால்ல மாப்பிள பாத்திருக்காங்க. இந்த ஊர விட்டுப் போனாத்தான் தோஷம் விடும்னு அம்மா சொல்றாங்க. இனிமே இங்க வந்து நிக்காதீங்க."

அவன் நிற்கவில்லை. பரீட்சையில் தோற்றான். கழனிக்கும் திரும்ப முடியவில்லை. கன்னியப்பன் ஏர் பிடிக்கச் சொன்னபோது பிடித்தான். கையில் வலு இல்லை, மனசும் இல்லை. கடைசியில் கோவிந்தராசுவின் அச்சுக்கூடத்துக்கே எழுத்துக் கோக்கப் போனான். வேறு என்ன தெரியும் அவனுக்கு? கல்யாணப் பத்திரிகை என்றால் கலியபெருமாள் கை என்று உழவர்கரை, தட்டாஞ்சாவடி வரைக்கும் பெயர் பரவியது. பட்டைக் கோடுகளை மட்டும் ஒரு தகர டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டான். ரசீதுக்குக்கூடத் தொடமாட்டான். "கோடு போடாத ரசீது ஊர்லயே நம்மளுதுதான்யா" என்று கோவிந்தராசு கேலி செய்வார், ஆனால் டப்பாவை இறக்கச் சொல்லவில்லை. தோஷம், சகுனம் எல்லாம் பேத்தல் என்று கலியபெருமாள் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். சொல்லிக்கொள்கிற மனுஷன் காரைக்காலிலிருந்து யார் வந்தாலும் அவள் நன்றாக இருக்கிறாளா என்று சுற்றி வளைத்து விசாரிக்காமல் விடமாட்டான். நன்றாக இருக்கிறாள் என்று வருகிற ஒவ்வொரு பதிலும் அவனுக்குக் கொஞ்ச நாள் சோறு இறங்கப் போதுமானதாக இருந்தது. அஞ்சலாட்சி பெண் பார்க்கிற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

பிரெஞ்சுக் குடியா இந்தியக் குடியா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடந்த 1962-இல், ஒரு முற்பகலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. முன்பு போல விறைப்பாக இல்லை, நடுவில் நின்று நின்று வந்தது. கலியபெருமாள் கையில் எழுத்தோடு எழுந்து நின்றான். சவரிராயன் கறுப்புப் பட்டையைக் கோட்டுக் கையில் கட்டியிருந்தார்.

அவர் சொல்வதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. காரைக்காலில் அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசை இங்கே வைக்கிறார்கள்.

"படம் இல்ல," என்றார் சவரிராயன். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "அன்னியிலேருந்து அவ அம்மா படம் எடுக்கவே வுடல. கல்யாணத்துல எடுத்ததுல முக்காடு போட்டுக் குனிஞ்சிருக்கா, மூஞ்சி தெரியல. பழைய படத்த நானே அன்னிக்கி அடுப்புல போட்டுட்டேன். ஒன்கிட்ட அந்தப் பிளாக்கு இருக்குமா தம்பி?"

தம்பி என்று அவர் கூப்பிட்டது அவனைக் கொன்றது. "இருக்குதுங்க" என்றான்.

"எனக்கு எப்பிடி சொல்றதுன்னு தெரியல. நீ அன்னிக்கி செஞ்ச பாரு, அதே மாதிரி செஞ்சிடு. ஒண்ணும் மாத்தாத."

கலியபெருமாள் பரணில் ஏறித் தகர டப்பாவை இறக்கினான். மூலையில் வைத்திருந்த தன் பெட்டியைத் திறந்து, வேட்டித் துணியைப் பிரித்தான். கோவிந்தராசு தன் ஆசனத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார். முகத்தைப் பூட்டி, பெயரைக் கோத்து, சுற்றிலும் பட்டைக் கோட்டை அடைத்தான். உச்சியில் 'சுதி' இருந்த இடத்தில் ஒரு சிலுவை. மற்றபடி ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவன் செய்த வேலை நாலு வருஷமாக இந்த ஒரு நாளுக்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி எல்லாம் அதன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. 1940, ஒரு சிறு கோடு. கோட்டுக்கு அப்புறம் அவன் அன்றைக்கு விட்டிருந்த வெறுமையில் 1962 அளவாகப் பொருந்தியது. பொருந்தாமல் போய்விடாதா என்று அழுத்திப் பார்த்தான்.

மை காயாத முதல் அட்டையைச் சவரிராயன் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப சரியா இருக்குது," என்றார்.

அட்டைக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டபோது அதிலிருந்து ஒன்றை உருவி அவனிடம் நீட்டினார். "கொடுக்கறது எங்க வழக்கம். செபப் புத்தகத்துல வச்சிக்குவோம். நீ ஒனக்கு எங்க வைக்கணுமோ வச்சிக்க."

கைத்தடிச் சத்தம் தெருமுனை தாண்டிப் போகிறவரை அவன் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோவிந்தராசு உள்ளே வந்து, நாளைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்கிறது, கோத்த எழுத்தைப் பிரித்துப் போட்டுவிடு என்று மெதுவாகச் சொன்னார். கலியபெருமாள் தலையாட்டினான். எழுத்தைப் பிரிக்க வேண்டுமானால் கையில் இருப்பதை முதலில் எங்காவது வைக்கவேண்டும். சட்டைப் பையில் வைக்கப் போனான், வேண்டாம் என்று எடுத்தான். மேசையில் வைக்கப் போனான், மை ஒட்டும் என்று எடுத்தான். அந்த அச்சுக்கூடம் முழுக்கச் சுற்றிப் பார்த்தும் அவளை வைக்க அவனுக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை.